லைம் சோடா கேட்டவன் என்ன பாவம் செஞ்சான்?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். குடிக்கிறது சரியா தப்பான்னு பட்டிமன்றம் நடத்துறதுக்கு இது இடம் இல்லை. அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. நான் மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு பியரோட எழுந்து வந்துடற ஜாதி. தங்கமணிக்கும் தெரியும். அதனால "உங்க வீட்டுல சொல்லிடுவோம்"னு யாரும் மிரட்ட முடியாது :-)

சரி, மேட்டருக்கு வர்றேன். நம்ம கழக்கூட்டம் பக்கம் தமிழ் மக்கள் நடுவுல "பார் நாகரிகம்"னு ஒரு பாடம் சுத்திக்கிட்டு இருக்கு. ஒயின் கிளாஸைக் காம்பைப் பிடிச்சுத்தான் தூக்கணுமாம். சிங்கிள் மால்ட்ல சோடா ஊத்துறவன் காட்டானாம். பியரைச் சாய்ச்சு ஊத்தணுமாம். டெக்னோபார்க்ல ஆணி புடுங்குற தம்பிங்க இதை மனப்பாடம் பண்ணி ஒருத்தருக்கொருத்தர் வகுப்பு எடுக்கறாங்க. நல்லது. ஆனா அதே மேசையில உட்கார்ந்து, அதே தம்பிங்க பரிமாற வந்தவரைப் பார்த்து விரலைச் சொடுக்கறாங்களே, அந்த வகுப்பை யாரு எடுக்கறது?

கிளாஸை எந்த விரல்ல பிடிச்சீங்கங்கிறது எனக்கு முக்கியமே இல்லை. கொண்டுவந்து வெச்சவரை என்னன்னு கூப்பிட்டீங்க, அதைச் சொல்லுங்க.

இங்க பார்கள்ல வேலை செய்யறவங்கள்ல பாதிப்பேர் இப்ப மலையாளிங்க இல்லை. வங்காளம், அசாம், ஒடிசான்னு எங்கெங்கிருந்தோ வந்தவங்க. கேரள அரசே இவங்களை "அதிதி தொழிலாளி"ன்னுதான் எழுதுது, அதாவது விருந்தாளி. நம்ம ஆளு கூப்பிடறது "டேய் ஹிந்தி". இதே ஆளை யாராவது பஸ்ல "பாண்டி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, ரெண்டாயிரம் வருஷத்துப் பண்பாடு பொங்கி வழியும். எனக்கும் பொங்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா பாண்டின்னா வலிக்குதுன்னு தெரிஞ்ச ஒருத்தன் இன்னொருத்தனை எப்படி "டேய்"னு கூப்பிட முடியுது? அவரும் ஊரை விட்டு வந்தவர், நாமளும் ஊரை விட்டு வந்தவங்க. நமக்கு ஏசி ரூம், அவருக்குக் குடோனுக்கு மேல எட்டு பேர் படுக்கிற அறை. அவ்வளவுதான் வித்தியாசம். மலையாளியா இருந்தா "சேட்டா"ங்கறோம், ஏன்னா அவர் திருப்பிக் கேப்பார்னு பயம். கேக்க மாட்டார்னு தெரிஞ்ச இடத்துல மட்டும் நம்ம வீரம்.

இதைச் சொன்னா உடனே ஒரு கோஷ்டி வரும். "தமிழனுக்கு இதெல்லாம் வராதுங்க, மலையாளியைப் பாருங்க, பிவரேஜஸ் வரிசையில ராணுவம் மாதிரி நிக்கறான், அது அவன் ரத்தத்துல இருக்கு"ன்னு. இந்தப் பேச்சு எனக்குச் சுத்தமா பிடிக்காது. ரத்தத்துல இருக்கிறது ஹீமோகுளோபின். வரிசை இருக்கிறது கம்பித் தடுப்புல, டோக்கன்ல, கவுன்டர்ல கிடைக்கிற பில்லுல.

பாங்க்ல கவுன்டருக்கு ரெண்டு பக்கமும் இருபது வருஷமா நின்னவன் சொல்றேன், கேளுங்க. முறை வரும்னு நம்பிக்கை இருந்தா எந்த ஊர்க்காரனும் நிப்பான். ரெண்டே கவுன்டர் திறந்து வெச்சு, பின் வாசல் வழியா நாலு பேரை உள்ள விட்டுப் பாருங்க, எவ்வளவு படிச்ச கூட்டமும் முண்டியடிக்கும். கேரளாவுல பிவரேஜஸ் கார்ப்பரேஷன் 1984லயே வந்தாச்சு. நம்ம டாஸ்மாக் 1983ல மொத்த வியாபாரத்துக்குன்னு ஆரம்பிச்சு, 2003 நவம்பர்லதான் சில்லறைக் கடையைக் கையில எடுத்தது. எடுத்தவங்க வாங்க வர்றவனுக்குன்னு என்ன செஞ்சாங்க? கம்பி வலை போட்டாங்க. வலைக்கு நடுவுல கை போற அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள ஒரே நேரத்துல பத்துக் கை. எந்தக் கை நீளமோ அதுக்குத்தான் சரக்கு.

2020 மே மாசம் நினைவிருக்கா? ஊரடங்குக்கு அப்புறம் தமிழ்நாட்டுல மே 7ம் தேதி கடையைத் திறந்தாங்க. கூட்டத்தைப் பார்த்துட்டு மறுநாளே சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொல்லுச்சு. உச்சநீதிமன்றம் தடை கொடுத்து, மறுபடி திறந்தப்போ கலர் கலரா டோக்கன். உடனே வரிசை வந்துடுச்சு! அதே மக்கள், அதே கடை. கேரளாவுல அந்த மாசக் கடைசியில "பெவ்க்யூ"ன்னு ஒரு ஆப் விட்டாங்க, போன்லயே டோக்கன். சரி, மலையாளி மட்டும் என்ன சொர்க்கத்துலயா இருந்தார்? 2021 ஜூலையில இதே பிவரேஜஸ் கூட்டத்தைப் பார்த்துட்டுக் கேரள உயர்நீதிமன்றம் அரசாங்கத்தைக் கடுமையா கேள்வி கேட்டது. இப்ப உள்ள போய் நாமளே எடுத்துக்கிட்டு வர்ற கடைகள் வந்திருக்குன்னா அது சும்மா வந்ததில்லை.

இதுல நான் சொல்ல வர்றது வேற. நம்ம தம்பிங்க பார்ல ஏன் கத்தறாங்கன்னா, அவங்க ஆர்டர் பண்ணவே கத்துக்கல. டாஸ்மாக்ல ஆர்டர்னு ஒண்ணு கிடையாது. "ஒரு குவார்ட்டர்"னு சொல்லணும், அவர் எதைக் கொடுக்கிறாரோ அதுதான் உங்க பிராண்ட். பக்கத்துல "பார்"னு போர்டு போட்டிருக்கே, அதுக்கு இருக்கிற உரிமம் தின்பண்டம் விக்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும்தான். கேட்டு, காத்திருந்து, வந்ததுக்கு நன்றி சொல்லி, பில்லைப் படிச்சுக் காசு கொடுக்கிற அனுபவமே இல்லாம ஒரு தலைமுறை வளர்ந்துடுச்சு. கத்தினவனுக்குக் கிடைக்கும்கிறதுதான் அந்த வலை சொல்லிக்கொடுத்த பாடம். அது இங்க மூணு நட்சத்திர ஓட்டல் மேசைக்கும் கூடவே வருது.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த வலைக்கு உள்ள நிக்கிற விற்பனையாளரும் 2003லேர்ந்து தொகுப்பூதியத்துல நிக்கறவர்தான். அவரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

அதே சமயம், தமிழனுக்கு நாகரிகம் இல்லைன்னு சொல்றவங்க "கட்டிங்" போடறதைப் பார்த்ததே இல்லைன்னு நினைக்கறேன். காசு பத்தாது. முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் கிட்ட "அண்ணே, கட்டிங்?"னு ஒரு வார்த்தை. அவர் தலையாட்டுவார். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, ரெண்டு பிளாஸ்டிக் டம்ளர், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கண்ணளவுல சரிபார்த்து, ஆளுக்குத் தொண்ணூறு. ஊர் கேக்க மாட்டாங்க, பேர் கேக்க மாட்டாங்க. ஒரு சொட்டு ஏமாத்தினதா சண்டை வந்து நான் பார்த்ததில்லை. ஊத்தினவர் எந்த டம்ளரை எடுக்கணும்கிறதை மத்தவருக்கு விட்டுடுவார். பாதி ரூபாய்க்குக்கூட பாலன்ஸ் ஷீட் சரியா டேலி ஆகும். இதை விட என்னய்யா எட்டிகெட் வேணும் உங்களுக்கு? சொடக்குப் போடற சிங்கிள் மால்ட் கோஷ்டி அந்த அண்ணன் கிட்ட டியூஷன் போகலாம்.

இப்ப பில்லுக்கு வர்றேன். பி.காம். படிச்ச புத்தி, பில்லைப் பார்க்காம விடாது.

முதல் சமாச்சாரம், மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2017ல ஜி.எஸ்.டி. வந்தப்பவே அதை வெளியே வெச்சுட்டாங்க, அதுக்கு மாநில வரிதான். அதனால சாப்பாடும் சரக்கும் ஒரே பில்லுல வந்தா, ஜி.எஸ்.டி. சாப்பாட்டுக்கு மட்டும் போட்டிருக்கான்னு பாருங்க. மொத்தத்துக்கும் சேர்த்துப் போட்டிருந்தா மேனேஜர்கிட்ட மெதுவா சொல்லுங்க. பரிமாறினவர்கிட்ட கத்தாதீங்க, பில் சாஃப்ட்வேரை எழுதினது அவர் இல்லை. அதை எழுதினது ஒருவேளை உங்க மேசையில உட்கார்ந்திருக்கிற தம்பியாக்கூட இருக்கலாம்.

ரெண்டாவது, சர்வீஸ் சார்ஜ். கட்டாயமா வாங்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில சொல்லியாச்சு, டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்ல அதை உறுதி பண்ணியாச்சு. இது நம்ம ஆளுங்க எல்லாருக்கும் அத்துபடி. சட்டம் பேசி அதை எடுக்க வெச்சுட்டு, எழுந்து போறப்ப தட்டுல பத்து ரூபாய் வெப்பாங்க. மூணு மணி நேரம், பதினாலு தடவை நடந்தவருக்குப் பத்து ரூபாய்! இதே மகான்கள் லீவுக்கு ஊருக்குப் போனா டாஸ்மாக்ல பாட்டில் மேல அச்சடிச்ச விலைக்கு மேல பத்து ரூபாயை வாயே திறக்காம கொடுப்பாங்க. 2025 மார்ச்ல அமலாக்கத் துறை டாஸ்மாக் தலைமை அலுவலகத்தைச் சோதனை போட்டுட்டு, பாட்டிலுக்கு 10லேர்ந்து 30 ரூபாய் வரைக்கும் கூடுதலா வாங்கறாங்கன்னு சொன்னது. அந்த விசாரணைக்கு மே மாசம் உச்சநீதிமன்றம் தடை போட்டுடுச்சு, அது கோர்ட் பார்த்துக்கட்டும். என் கேள்வி வேற. கேட்டு வாங்கறவனுக்குப் பயந்து கொடுக்கற பத்து ரூபாய்க்கும், கேக்காதவனுக்கு எண்ணி எண்ணிக் கொடுக்கற பத்து ரூபாய்க்கும் நடுவுலதான் ஒருத்தனோட தரம் தெரியுது.

அடுத்தது எனக்கு ரொம்ப எரிச்சல் தர்ற விஷயம். ட்ரீட்.

கேரளாவுல ஒண்ணாம் தேதி பார் மூடல், எல்லாருக்கும் தெரியும். சம்பளம் வர்ற அன்னிக்கே காசு போயிடக் கூடாதுன்னு வெச்சது. நல்ல எண்ணம்தான். ஆனா நம்ம பசங்க ரெண்டாம் தேதிக்குக் காத்திருந்து பண்றாங்க. புதுசா வேலையில சேர்ந்தவன், கன்ஃபர்ம் ஆனவன், பைக் வாங்கினவன், யாராவது ஒருத்தன் மாட்டுவான். "மச்சி, ட்ரீட் எப்போ?" அவ்வளவுதான், ஒம்பது பேர் கிளம்பிடுவாங்க.

வாடிக்கையாளர் ரகசியம்னு ஒண்ணு இருக்கறதால ஊரையும் தொகையையும் மாத்தித்தான் எழுதறேன். தென்காசிப் பக்கத்துப் பையன்னு வெச்சுக்குங்க. கான்ட்ராக்ட் வேலை, முதல் வேலை. அவன் கொடுத்த ட்ரீட்ல பில் 11,400. தன் காசுன்னா உள்ளூர் ரம் சொல்றவங்க, அன்னிக்கு ஸ்காட்ச் சொல்லியிருக்காங்க, அதுவும் லார்ஜ். டச்சிங்ஸ்னு பீஃப், செம்மீன், கருவேப்பிலைக் கோழின்னு மேசை நிறைய. பையன் மெனு கார்டுல வலது பக்கத்தை மட்டும் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான். கையில காசு இல்லை, கிரெடிட் கார்டைத் தேய்ச்சிருக்கான். மாசாமாசம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கிட்டு வந்து, நாலாவது மாசம் பெர்சனல் லோன் கேட்டு என் மேசைக்கு எதிர்ல வந்து நிக்கறான்.

கணக்கு போட்டுக் காட்டறேன், பாருங்க. மாசம் மூணரை சதவீத வட்டி, 11,400க்கு 399 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., கிட்டத்தட்ட 72. (சரக்குக்கு இல்லாத ஜி.எஸ்.டி. சரக்கு வாங்கின கடனுக்கு உண்டு, என்ன அழகு!) குறைந்தபட்சத் தொகை அஞ்சு சதவீதம்னா 570. கழிச்சுப் பாருங்க. 570 ரூபாய் கட்டினவனுக்கு அசல்ல நூறு ரூபாய்கூட குறையல. மாசம் பூரா வேலை பார்த்து அவன் அடைச்சது அன்னிக்கு யாரோ சொன்ன ஒரு பிளேட் கோழியில பாதி. அந்த மாசம் ஊருக்கு அம்மாவுக்கு அனுப்புற பணத்துல கை வெச்சிருப்பான், வேற வழியில்லை. ஒம்பது பேர்ல ஒருத்தனுக்காவது இது தெரியுமா?

நம்ம ஊர்ல வழக்கம் இதுவா? டீக்கடையில மாமா இருந்தா மருமகன் பாக்கெட்டுல கை வெக்க முடியுமா? "எடுடா கையை"ம்பார். பெரியவன் கொடுப்பான், சின்னவன் சாப்பிடுவான். சம்பாதிக்க ஆரம்பிச்ச பையன் முதல் சம்பளத்துல சாமிக்கு ஒரு தேங்காய், அம்மாவுக்கு ஒரு சேலை, தெருவுக்கு ஒரு பொட்டலம் மிட்டாய், முடிஞ்சது. கல்யாணத்துல மொய் வெக்கறதுக்குக்கூட நோட்டுப் போட்டு எழுதி, வாங்கினதைத் திருப்பி வெக்கற ஊரய்யா நம்ம ஊர். இந்த ட்ரீட்டுக்கு மட்டும் நோட்டும் இல்லை, திருப்பறதும் இல்லை. மேனேஜர் சம்பளம் வாங்கறவன், டிரெய்னி கிட்ட ஸ்காட்ச் வாங்கிக் குடிச்சுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டுப் போறதுக்கு என்ன பேர்? எங்க ஊர்ல அதுக்கு இருக்கிற பேரைக் குடும்பத்தோட படிக்கிற இடத்துல எழுத முடியாது.

அப்படியே ட்ரீட்டுக்குப் போயிட்டீங்க, தவிர்க்க முடியல. கொடுக்கறவர் முதல்ல தனக்கு என்ன சொல்றார்னு பாருங்க. அவர் பியர் சொன்னா நீங்களும் பியர்தான். அவர் ஒண்ணோட நிறுத்தினா, ரெண்டாவதை உங்க காசுல சொல்லுங்க, தனி பில்லுன்னு முன்னாடியே சொல்லுங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை.

சமமா பிரிச்சுக்கறதுலயும் ஒரு அநியாயம் இருக்கு. எட்டு பேர் விஸ்கி, ஒருத்தன் அறுபது ரூபாய் லைம் சோடா, ஒரு கோபி மஞ்சூரியன். கடைசியில கால்குலேட்டரைத் தட்டி "ஆளுக்கு ஆயிரத்து முன்னூறு". அவனும் ஒண்ணும் சொல்லாம அனுப்பிடுவான். சொன்னா "கணக்குப் பார்க்கறான் பாரு"ன்னு பேர் வரும். கணக்குப் பார்த்தா என்ன தப்பு? நான் கணக்குப் பார்த்துத்தான் சோறு சாப்பிடறேன்.

அந்த லைம் சோடா ஆளைப் பத்தி இன்னும் கொஞ்சம். அவன் ஆர்டர் சொன்ன உடனே மேசையில நடக்கிறது இருக்கே, அதுதான் உலகத்துலயே கேவலமான விஷயம். "என்னது, சோடாவா?" "பால் இருக்கா கேளுடா." "வீட்டுல பர்மிஷன் இல்லையா?" "ஆம்பிளைதானா நீ?" பரிமாற வந்தவரும் பாவம், சிரிக்கிறதா வேண்டாமான்னு தெரியாம நிப்பார். மாலை போட்டிருக்கலாம், நோன்பு இருக்கலாம், மாத்திரை சாப்பிடலாம், வெறுமனே பிடிக்காமலும் இருக்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், அவரோட அப்பா குடிச்சே செத்தவர். அவருக்குப் பத்து வயசு, ஆஸ்பத்திரி வராந்தாவுல அம்மாவோட உட்கார்ந்திருந்தவர். அவர்கிட்ட ஒம்பது பேர் முன்னாடி "ஏன் குடிக்க மாட்டே, காரணம் சொல்லு"ன்னு கேக்கறாங்க. அவர் என்ன சொல்லுவார்? "அல்சர்"னு சொல்லிச் சிரிக்கிறார். பத்து வருஷமா அவருக்கு அல்சர். இல்லாத அந்த அல்சர் நம்ம எல்லாருக்கும் அவமானம்.

இன்னும் சில பிரகஸ்பதிங்க அவனுக்குத் தெரியாம ஸ்ப்ரைட்ல வோட்கா ஊத்திக் கொடுத்துட்டுச் சிரிப்பாங்க. அது ஜோக் இல்லை சார். ஒருத்தன் வாய்க்குள்ள அவனுக்குத் தெரியாம எதையாவது ஊத்தறதுக்கு வேற பேர் இருக்கு, அதுக்கு போலீஸ் ஸ்டேஷனும் இருக்கு.

கூட வேலை செய்யற பெண்கள் மேசையில இருந்தா நம்ம ஆளுங்களுக்கு இன்னும் ரெண்டு கை முளைச்சுடும். "அவங்களுக்கு ஜூஸ் சொல்லிடு"ன்னு இவரே முடிவு பண்ணுவார். அவங்க பியர் சொன்னா மறுநாள் ஆபீஸ் முழுக்க அதுதான் பேச்சு. அவங்க என்ன கேக்கறாங்களோ அதைக் கேக்கட்டும், வாயை மூடிக்கிட்டு உங்க கிளாஸைப் பாருங்க. "உங்களுக்கு என்ன சொல்லலாம்?" இந்த ஒரு கேள்வி போதும், ஆணுக்கும் பெண்ணுக்கும், குடிக்கறவருக்கும் குடிக்காதவருக்கும். வந்த பதிலுக்கு மேல ரெண்டாவது கேள்வி வேண்டாம்.

2022 மதுக்கொள்கையில ஐ.டி. பார்க்குக்குள்ளேயே மது விக்க அனுமதிக்கறதா அறிவிச்சப்ப, "எங்க வீட்டுக்காரர் இனி வீட்டுக்கே வரமாட்டார்"னு நம்ம மக்கள்ல சில பேர் பயந்தாங்க. தங்கமணி வேற மாதிரி சொன்னாங்க. "எங்க குடிச்சா என்ன, திரும்பி வர்றப்ப வண்டி யாரு ஓட்டறாங்கன்னு மட்டும் சொல்லுங்க." சரியான பாயின்ட். நூறு மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குற்றம், மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். பைபாஸ்ல ராத்திரி பதினோரு மணிக்கு லாரிங்க வர்ற வேகம் உங்களுக்கே தெரியும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதுக்கும் நம்மகிட்ட ஒரு வழி இருக்கே. மூணு மணி நேரம் "பால் குடிக்கறியா"ன்னு கிண்டல் பண்ணின அதே லைம் சோடாக்காரன் கையில கார் சாவியைக் கொடுக்கறோம். அவன் ஸ்ரீகார்யத்துல ஒருத்தரை, காரியவட்டத்துல ரெண்டு பேரை இறக்கி, ஒருத்தர் பின் சீட்ல பண்ணின வாந்தியைக் கழுவிட்டு, பன்னிரண்டரை மணிக்குத் தன் வீட்டுக்குப் போறான். அவன் கட்டின ஆயிரத்து முன்னூறுல உங்க லார்ஜும் இருக்கு. அவன் நம்பர் உங்க போன்ல இருக்கு, ஜிபேயும் இருக்கு. நாளைக்குக் காலையில ஆபீஸ் போறதுக்கு முன்னாடி அனுப்பிடுங்க, பெட்ரோலுக்கும் சேர்த்து.